வெளிச்சம் வராத அறை கேட்டவர்

வீடு பார்க்க வருகிறவர்கள் காற்று வருமா, வெளிச்சம் வருமா, குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி. "இந்த ரூம்ல கொஞ்சங்கூட வெளிச்சம் வராதில்லீங்களா?"

ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவில் சில வீடுகளில் அப்படி ஓர் அறை உண்டு. சாயம் போட்ட பட்டு வெளுத்துவிடாமல் இருக்க, சன்னலே வைக்காமல் கட்டியது. எங்கள் வீட்டில் அது கொல்லைப்பக்கத்துச் சின்னக் கூடத்தை ஒட்டி இருந்தது. மாமனார் போன பிறகு நாங்களே பட்டு வாங்கிச் சாயம் போடுவது நின்றுபோயிற்று. என் வீட்டுக்காரர் கூலிக்கு நெய்தார். நான் நகராட்சிப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். அறை பூட்டிக் கிடந்தது. எமர்ஜென்சி முடிந்த கையோடு, கூடத்தையும் அறையையும் சேர்த்து வாடகைக்கு விட்டோம்.

"எந்த ஊரும்மா?" என்று என் மாமியார் கேட்டார்.

"தெள்ளார் பக்கம்ங்க."

"அங்க எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்பதாக அர்த்தம். கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ரொம்ப உள்ள போவணும்ங்க" என்றார். வேலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் சொல்லித்தருபவர், பெரிய படிப்பு. மாமியாருக்கு அந்தப் பெருமையே போதுமாக இருந்தது. மேலே கேட்கவில்லை. தெருவில் எல்லாரும் அவரை 'காலேஜம்மா' என்றார்கள். நான் அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

அவரைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. நானே தொடைநடுங்கி. பல்லி கத்தினால் பலன் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன். அவரோடு ஒப்பிட்டால் நான் ஜான்சி ராணி. யாராவது கதவைத் தட்டினால் "யாரு?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்பார். எங்கள் அடுப்பங்கரைக்குள் கால் வைக்கமாட்டார். கூப்பிட்டால், "வேணாம் டீச்சர், கையில மருந்து கீது" என்று நடையிலேயே நின்றுகொள்வார். அந்த இருட்டறைக்குள் போகும்போது முகத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார். வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஒழுங்காக மூச்சு விடுவார். தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர் மாதிரி இருக்கும்.

"உள்ள அப்படி இன்னாக்கா வெச்சிக்கினுகீறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

சொன்னார். கொடைக்கானல் மலைப்பக்கம் ஒரு செடி. லைக்கோபோடியம் என்று பெயர். பாசி மாதிரித் தரையில் படரும், நுனியில் கதிர் விடும். அந்தக் கதிரிலிருந்து மஞ்சளாகத் தூள் கொட்டும். அது விழுந்த இடத்தில் செடி முளைக்காதாம். மண்ணுக்குள் இறங்கி, இருட்டில், இலையும் வேரும் இல்லாத ஒரு வெளிர்க் கட்டியாகப் பல வருஷம் கிடக்குமாம். அதிலிருந்துதான் பிறகு செடி கிளம்பும். மண்ணுக்குள் அந்தக் கட்டிக்கு ஒரு பூஞ்சை சோறு போடுகிறது. அந்தத் துணை இல்லாமல், வேறெந்த உயிரும் ஒட்டாமல், கண்ணாடிக் குழாயில் அதைத் தனியாக வளர்த்துக் காட்டவேண்டும். டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலை அது. காலேஜில் அவருக்கென்று ஒதுக்கிய இருட்டறையில் நாடகத்துக்குத் தைத்த திரைகளைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ஊர் ஊராக இருட்டு தேடியிருக்கிறார்.

முஸ்லிம் வீடுகளில் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்களே, அதே சாமான்தான் குழாய்க்குள் மெத்தை. அதில் சர்க்கரையும் ஏதேதோ உப்பும் கலந்து, பிரஷர் குக்கரில் வைத்து விசில் விடுவார். தூளைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசி, நெருப்பில் காட்டிய கம்பியால் மெத்தைமேல் இழுகி, பஞ்சால் அடைத்து, இருட்டில் வைப்பார். அவ்வளவுதான். அதன்பின் காத்திருக்கவேண்டும். அவர் வந்து முதல் தீபாவளி போயிற்று, அடுத்ததும் போயிற்று. பச்சைத்தாள் சுற்றிய டார்ச்சோடு உள்ளே போவார், வருவார். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பார். பூசணம் பிடிக்கவில்லை என்றால் அதுவே அவருக்கு நல்ல சேதி.

"காத்துல எல்லாம் கீது டீச்சர். நம்ம கண்ணுதான் மோசம்" என்பது அவருடைய பேச்சு.

"பயமே உங்களுக்குத் தொழிலாப் போச்சுக்கா" என்று கேலி செய்தேன்.

"பயப்படறதாலதான் அது உயிரோட கீது" என்றார். சிரிக்கவில்லை.

அந்தத் தூளை எனக்கு ஒருமுறை காட்டினார். ஒரு கிண்ணத் தண்ணீரில் தூவி, விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். எடுத்தபோது விரல் துளிகூட நனையாமல் காய்ந்திருந்தது. வெளியே போய்ப் பக்கெட் தண்ணீரில் கையை முக்கி, நனைகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

தெரு பயப்பட ஆரம்பித்தது வேறொன்றால். ஒரு சாயங்காலம் கூடத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கை தவறி, தூள் இருந்த காகிதம் விளக்கின் மேல் சரிந்தது. குப்பென்று ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பி, எழும்பிய வேகத்தில் காணாமல் போயிற்று. ஒரு பொருளும் எரியவில்லை. அவருடைய புருவம் மட்டும் கருகியிருந்தது. முன்கட்டில் தறியில் பாதி நெய்த பட்டுப்புடவை இருந்தது. நெருப்பு என்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஈரக்குலை நடுங்கும். அதைக் கண்ணால் பார்த்தவர் என் மாமியார். அவர் வாயில் விழுந்தது தெருவில் விழாமல் இருக்குமா? கையிலிருந்து நெருப்பு வருது என்று ஆரம்பித்தது, வாயிலிருந்து வருது என்று எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

போதாக்குறைக்குப் பூசணம் பிடித்த குழாய்களை அவர் கழிக்கும் விதம். குக்கரில் போட்டு வேகவைப்பார். அந்த வாடை நாலு வீடு தாண்டும். பிறகு கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகக் குழிதோண்டிக் கொட்டி மூடி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவுவார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, வேகவைத்து எதையோ புதைக்கிறாள் என்றுதானே தோன்றும்?

அந்த வருஷம் மழை விட்டதும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. கழுத்து விறைக்கும், கண் சொருகும். பின் தெருவில் ஒரு பையன் போய்விட்டான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் படுத்த படுக்கையானான். என் வகுப்பில் பாதிப் பலகை காலி. தெருவில் காலை வேளையில் பாவு நீட்டுவதை, தறிக்கு ஏற்றும் நூலை இழுத்துக் கட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். தறிச் சத்தம் குறைந்த தெரு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் அந்தப் பையன் முனகுவது சுவர் வழியாகக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கூட்டம் வந்து நின்றது. தெருவுக்குப் பெரியவர் முன்னால் இருந்தார். நாலு தறிக்குச் சொந்தக்காரர், நிதானமானவர்.

"யம்மா, நீ உள்ள கிருமி வளக்கறேன்னு ஜனங்க பேசிக்கினுகீறாங்கோ. பூட்டத் தொறந்து காட்டிட்டீன்னா பேஜார் வுட்டுச்சு."

காலேஜம்மா வெளிறிப்போய் நின்றார். "தொறந்தா செத்துடும்ங்க" என்றார்.

அந்த நேரத்தில் அதைவிட மோசமான வார்த்தை இருக்கமுடியாது. "இன்னா சாவும்? உள்ள இன்னா உசிரு கீது?" என்று கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனின் அம்மா தலைவிரிகோலமாக நின்றிருந்தாள். "வெசம் இல்லன்னா நீயே துன்னு காட்டுடி, பாக்கலாம்!" என்று கத்தினாள். கதவை உடைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் உள்ளே போனார். ஒரே ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்தார். வாசல் மாடத்தில் ஸ்பிரிட் விளக்கை வைத்து ஏற்றினார். குழாயின் பஞ்சை உருவி, அதன் வாயைச் சுடரில் காட்டினார். தின்னப்போகிற பொருளுக்குத் தூசி படாமல் அவ்வளவு காபந்து. பழகிய கை அப்படித்தான் செய்தது. இடுக்கியால் உள்ளேயிருந்து எடுத்தார். பச்சைப்பயறு அளவில் ஒரு வெளிர்மஞ்சள் கட்டி. நான் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கட்டி தெரிய ஆரம்பித்ததையே அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பார். வாயில் போட்டு மென்று விழுங்கினார். எல்லாரும் அவருடைய தொண்டையையே பார்த்தார்கள். பெரியவர் "போதும், போவலாம்" என்று சொல்லும்வரை அசையாமல் நின்றார்.

"அதப் போயி ஏங்க்கா துன்னீங்க? ஒண்ணும் மொளைக்காத குழாய் எத்தினி கீது?" என்று பிறகு கேட்டேன்.

"மத்ததுல வந்திருக்கிறது கடுகளவுதான் டீச்சர். அவங்க கண்ணுக்குத் தெரியாது. தெரியாதத துன்னா நம்புவாங்களா?" என்றார். பிறகு கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். அந்தக் கடுகளவுகள் பிழைத்தால்தான் அவருடைய பட்டம். அதுவும் போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க அவருக்குக் காலேஜில் காலம் கொடுக்கமாட்டார்கள்.

ஆபத்து விலகியது என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் நிஜமான பயம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிய பையன். ஆனால் டாக்டரை யார் கணக்கில் எடுத்தார்கள்? காலேஜம்மா மலைவேரைத் தின்னாங்க, அன்னைக்கே நோய் இறங்கிடுச்சு என்று தெரு முடிவு கட்டிவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். "ஒரே ஒரு வேரு, கொழந்தைக்கு உரசி ஊத்தணும்." என் மாமியார், நெருப்பு கக்குகிறாள் என்று சொன்ன அதே மாமியார், வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "தள்ளாதீங்க, எங்கூட்டம்மா எல்லாருக்கும் குடுக்கும்" என்று வரிசை கட்டவைத்தார்.

"இது மருந்தில்லீங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்று அவர் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். மருந்து என்று தெரிந்தால் கூட்டம் கூடிவிடுமே, அதனால் மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி சட்டென்று அவர் காலில் விழுந்தாள். அவர் நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் மோதிக்கொண்டார். "அடிக்க வந்தப்பகூட இவ்ளோ பயம் இல்ல டீச்சர்" என்றார். எதற்கு இவ்வளவு பயம் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஆண்கள் வந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. தப்பாகச் சொல்லக்கூடாது, அவனும் படுத்துக்கிடக்கும் பெண்ணுக்கு அப்பன்தான். "நீ குடுக்கலன்னா நாங்களே எடுத்துக்கறோம்" என்று கொல்லைப்பக்கம் நடந்தான். அவனுக்குப் பின்னால் தெருவே வந்தது.

காலேஜம்மா அறைக்கதவின் முன்னால் போய் நின்றார். அறைக்குள் போகக் கட்டியிருந்த முகத்துத் துணியை அவிழ்த்தார்.

"நான் தெள்ளாருக்கு அந்தாண்ட காலனிப் பொண்ணுங்க. எங்கப்பா இன்னிக்கும் ஊருக்குள்ள செருப்பு போட்டுகினு நடந்தது கெடையாது. உள்ள கீறது மொத்தமும் என் கை பட்டது. இந்தக் கையால குடுத்தா, உங்க புள்ளைங்க வாயில ஊத்துவீங்களா?"

கடப்பாரை வைத்திருந்தவன் அதைக் கீழே சாய்த்தான். ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள். யாரும் திட்டக்கூட இல்லை, அதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது. அவர் தொடாத தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். தொட்ட தட்டை விட்டுவிட்டுப் போனார்கள். என் மாமியார் முக்காலியிலிருந்து எழுந்து, முதலில் அடுப்பங்கரைப் பக்கம்தான் பார்த்தார். வீட்டை இழந்து குழாய்களைக் காப்பாற்றிக்கொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒருத்தி மட்டும் போகவில்லை. எங்கள் தெருவில் புதுப் பாவைப் பழைய பாவின் முனையோடு இழை இழையாக முடிந்து கொடுக்கும் வேலை செய்பவள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் துவண்டு கிடந்தது. ஒரு கையை நீட்டியபடியே நின்றாள்.

"நீ எந்தத் தெருன்னு நான் கேட்டனா? குடும்மா."

காலேஜம்மா பூட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கொடுத்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். தொட்டதுமே அதற்குக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பிடுங்குகிற மாதிரி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். குழந்தையின் வாய் நுரை அவர் கழுத்தில் வழிந்தது. "டீச்சர், ரூமு..." என்று வாசலில் திரும்பிச் சொன்னார். மிச்சம் காதில் விழவில்லை. குழந்தையின் அம்மா பின்னாலேயே ஓடினாள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேலூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அன்று மத்தியானம் மாமியார் வீடு முழுக்கச் சாணி கரைத்துத் தெளித்தார். மஞ்சள்தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சாம்பிராணிச் சட்டியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் புகைபோட்டபடி வந்தார். அந்த இருட்டறையின் முன்னால் நின்று, "சாவி எங்கடீ?" என்றார்.

"எங்கிட்ட இல்லத்தே" என்றேன். அவர் ஓடும்போது என் கையில் திணித்த சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

"அப்ப பூட்ட ஒடைக்கச் சொல்லு."

"ஒடைச்சா உள்ள கீற மருந்தெல்லாம் தீப்புடிச்சுக்கும். அன்னிக்கு நீங்களே பாத்தீங்க இல்ல?"

மாமியார் கதவையே முறைத்துப் பார்த்தார். சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். புகை கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஈரத் துணியைச் சுருட்டி இடுக்கில் அடைத்தேன். எவ்வளவு உள்ளே போயிற்றோ, தெரியாது. அடுத்த சில நாட்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் பூட்டு கண்ணில் நிற்கும்.

காலேஜம்மா ஒரு காலையில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் பல நாள் கழித்து அன்றுதான் பாவு நீட்டியிருந்தார்கள். சிவப்புப் பாவு தெரு நீளத்துக்கு இடுப்புயரத்தில் போயிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நின்றபடி, "டீச்சர், அதுங்கள மட்டும் எடுத்தாந்து குடுத்துடுங்க" என்றார்.

அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா பாவின் மறுமுனையில் வேலையாக இருந்தாள். அவரைக் கண்டதும் ஓடிவந்து, பாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "அடியே, இழை அந்துடும்!" என்று பெரியவர் கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வாங்கம்மா. குனிஞ்சி வாங்க. என் பொண்ணு எந்திரிச்சி உக்காந்துகினுகீது, வந்து பாருங்க" என்றாள்.

காலேஜம்மா தெரு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். தறிகள் நின்றிருந்தன. எல்லா வாசலிலும் ஆள். அவர் கால் அசையவில்லை.

நான் உள்ளே போனேன். வாயைப் பொத்திக்கொண்டு அறையைத் திறந்தேன். குழாய்ப் பெட்டியைக் கறுப்புத் துணியால் நாலு சுற்றுச் சுற்றினேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியை வயிற்றோடு அணைத்து, பாவுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனேன். என் தலைக்குமேல் அவள் பாவைத் தூக்கிப் பிடித்தே இருந்தாள். ஓர் இழையும் அறவில்லை.

அவர் பெட்டியை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் புகை போயிடுச்சிக்கா" என்றேன். "உசிரோட கீதா?"

"தெரியாது டீச்சர்" என்றார். "இன்னும் ஒரு வருஷம் இருட்டுல வெச்சிப் பாக்கணும்."